நாலாவது ரொட்டித் துண்டு

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளைக்கு நாம் என்னென்ன கொடுத்து அனுப்புகிறோம்? சின்னதாக ஒரு குக்கர், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், நாலு பாட்டில் ஊறுகாய், காய்ச்சல் மாத்திரை, குலதெய்வம் கோயில் விபூதி. பெட்டியை எடை மெஷினில் ஏற்றி இறக்கி, கடைசியில் ஊறுகாயில் ஒரு பாட்டிலை வெளியே எடுத்து வைத்துவிட்டு, 'போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு' என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம்.

அந்தப் பெட்டியில் ஒரே ஒரு புத்தகத்துக்கு இடம் இருக்கிறது என்றால் எதை வைப்பீர்கள்? என் சிபாரிசு, காந்தியின் 'சத்திய சோதனை'.

இருங்கள், உடனே பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உபதேசம் எதுவும் செய்யப் போவதில்லை. முழுப் புத்தகம்கூட வேண்டாம். முதல் பாகத்தில் லண்டன் வாழ்க்கையைச் சொல்கிற ஒரு டஜன் சொச்சம் அத்தியாயங்கள் போதும். 1925-ல் 'நவஜீவன்' என்ற வாரப் பத்திரிகையில் தொடராக வர ஆரம்பித்தது இது. வாராவாரம் எழுதினது என்பதால் ஒவ்வொரு அத்தியாயமும் சின்னது. ரா. வேங்கடராஜுலுவின் தமிழ் மொழிபெயர்ப்பும் படுத்தாது. பஸ்ஸில் போகும்போதே படித்துவிடலாம்.

நம் கஷ்டம் என்னவென்றால், இந்தப் புத்தகத்தை நமக்குப் பள்ளிக்கூடத்தில் அறிமுகப்படுத்திவிட்டார்கள். அரிச்சந்திரன் நாடகம், அம்மாவுக்குச் செய்த சத்தியம், பரீட்சையில் ஐந்து மார்க். அதனால் மகாத்மா ஆகப்போகிற ஒருவரின் கதையாகவே படித்துப் பழகிவிட்டோம். ஒரு தடவை அதை மறந்துவிட்டு, 1888 செப்டம்பர் 4-ஆம் தேதி பம்பாயில் கப்பல் ஏறின, இன்னும் பத்தொன்பது முடியாத, கல்யாணமாகி கைக்குழந்தை உள்ள ஒரு குஜராத்திப் பையனின் கதையாகப் படித்துப் பாருங்கள். அது வேறு புத்தகம்.

இந்தப் பையன் கிளம்புவதே ரகளையோடுதான். கடல் தாண்டக் கூடாது என்று சாதிக் கூட்டம் தள்ளிவைக்கிறது. வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போகிறவனுக்கு ஒண்ணேகால் ரூபாய் அபராதம். அண்ணன் கொடுத்துவைத்த பணத்தை மைத்துனர் சாதிக்குப் பயந்து தர மறுக்க, வேறு ஒருவரிடம் கடன் வாங்கிக் கிளம்புகிறார். போய் இறங்கும்போது, அந்தக் குளிர் காலத் தொடக்கத்தில், கப்பலிலேயே வெள்ளை ஃபிளானல் சூட் போட்டவர் இவர் ஒருவர்தான். வேறு துணி மாற்றலாம் என்றால் பெட்டிகள் வந்து சேரவில்லை. அன்றைக்குச் சனிக்கிழமை. திங்கட்கிழமைதான் கிடைக்கும் என்கிறார்கள். முதல் ஓட்டல் பில் மூன்று பவுண்டு. அவ்வளவு பணம் கொடுத்தும் வயிறு காலி. ராத்திரியானால் வீட்டு நினைப்பு, அழுகை, தூக்கமில்லை.

எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தின இடம் ஒன்று உண்டு. சைவச் சாப்பாடு என்று வீட்டுக்காரம்மா தரும் காய்கறியை அவரால் வாயில் வைக்க முடியவில்லை. வெறுமனே வேகவைத்தது. மசாலா இல்லை. உப்பும் இல்லை.

உப்பில்லாத காய் என்றால் என்ன என்று மரக்காணத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். கட்டம் கட்டமாகப் பாத்திகள், கண் கூசும் வெள்ளை, அங்கங்கே கீற்று மூடிய உப்புக் குவியல்கள். வெயில் அடித்தால் வருமானம். மழை பெய்தால் அளம் குளம்.

கொஞ்ச நாள் முன்பு அந்தப் பக்கம் போனபோது ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் அளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிற பெரியவர் ஒருவர். இங்கிலாந்தில் எம்.எஸ்ஸி. படிக்கும் மகனிடமிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார்.

''சாப்பிட்டியாப்பா?''

''சாப்பிட்டேம்பா.''

''ரொம்பக் குளிருதா?''

''அவ்வளவா இல்லப்பா.''

''காசு இருக்கா?''

''இருக்குப்பா. அங்க எப்படி?''

''இங்க என்னப்பா, எல்லாம் நல்லாருக்கு.''

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். ''நல்லாருக்கான் சார்.'' அப்புறம்தான் மெதுவாக விஷயம் வந்தது. கோடையில் பெய்த மழையில் பாத்தியில் விளைந்து நின்ற உப்பு கரைந்து போய்விட்டது. வீட்டுப் பத்திரம் பேங்கில் இருக்கிறது. இதையெல்லாம் மகனிடம் சொல்லவில்லை. ''படிக்கிற பையன் சார், அவனை ஏன் கலவரப்படுத்தணும்?''

நியாயம்தான். ஆனால் அந்தப் பக்கத்தில் மகன் சொன்ன 'சாப்பிட்டேம்பா'வும் இதே ரகமாக இருந்தால்? வீட்டுப் பத்திரம் பேங்கில் இருப்பது அந்தப் பையனுக்குத் தெரியாமலா இருக்கும்? ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் பேங்க் பொதுவாகச் சொத்து ஜாமீன் கேட்கும். (யார் இந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தார்களோ, ஜோசியம் தெரிந்தவர்!) படிக்கிற காலத்தில் தவணை கட்ட வேண்டாமே தவிர, வட்டி தூங்குவதில்லை. இந்தக் கணக்கு தெரிந்த பிள்ளை, மத்தியானம் பட்டினி கிடந்தாலும் 'சாப்பிட்டேன்' என்றுதான் சொல்லும். மாணவர் விசாவில் இங்கிலாந்தில் பட்டப்படிப்பு படிப்பவர்கள் கல்லூரி நடக்கும் நாட்களில் வாரத்துக்கு இருபது மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். வாடகை அந்த இருபது மணி நேரத்துக்குள் அடங்குமா என்று எந்த ஏஜென்ட்டும் விளம்பரத்தில் போடுவதில்லை.

'வெளிநாட்டுப் படிப்பில் ஸ்ட்ரெஸ்' என்று நிபுணர்கள் பேசும்போது பரீட்சை, பாடம், போட்டி என்று அடுக்குவார்கள். சத்திய சோதனை வேறு இடத்தைக் காட்டுகிறது. சட்டப் பரீட்சையில் பெரும்பாலானவர்கள் தேறிவிடுவார்கள் என்று காந்தியே எழுதுகிறார். பாரிஸ்டர் ஆக முக்கியமான நிபந்தனை, கல்லூரி நடத்தும் விருந்துகளில் போய் உட்கார்வது. பருவத்துக்குச் சுமார் இருபத்துநாலு விருந்து, அதில் ஆறிலாவது கலந்துகொண்டாக வேண்டும். நாலு பேர் கொண்ட மேஜைக்கு இரண்டு பாட்டில் ஒயின். இவர் குடிக்க மாட்டார் என்பதால் இவரைத் தங்கள் மேஜைக்கு இழுக்க எப்போதும் ஆள் உண்டு! ஆக, படிப்பு அவரைப் படுத்தவில்லை. படுத்தினது ரொட்டி.

அந்தப் பகுதியைக் கொஞ்சம் நின்று படியுங்கள். ரொட்டியும் ஜாமும் வைக்கிறார்கள். இரண்டு துண்டு, மூன்று துண்டு. இன்னொன்று கேட்க வெட்கம். கேட்டால் மரியாதையாக இருக்காதோ என்று தயக்கம். வயிறோ நல்ல வயிறு, சாப்பாட்டுப் பிரியர். பிறகு மாறிப்போன வீட்டில், வீட்டுக்காரம்மாவின் பெண்கள் பரிதாபப்பட்டு ஒன்றிரண்டு துண்டு கூடுதலாக வைக்கிறார்கள். ஒரு முழு ரொட்டி இருந்தால்தான் பசி அடங்கும் என்பது பாவம் அவர்களுக்குத் தெரியாது.

அந்த நாலாவது ரொட்டித் துண்டைக் கேட்க முடியாமல் இருப்பதுதான் வெளிநாட்டுப் படிப்பின் ஸ்ட்ரெஸ். நூற்று முப்பது வருஷம் ஆகியும் அது மாறவில்லை. ரூம்மேட்டிடம் ஹீட்டரைக் கூட்டி வைக்கச் சொல்ல வெட்கம். புரொபசரிடம் 'நீங்கள் பேசும் இங்கிலீஷ் புரியவில்லை' என்று சொல்ல வெட்கம். வீட்டில் 'இன்னும் கொஞ்சம் பணம்' என்று கேட்க எல்லாவற்றையும்விட வெட்கம்.

அடுத்து, நான் பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. வெட்கத்தை மறைக்க மனிதன் என்ன செய்வான்? செலவு செய்வான். சைவம் சாப்பிடுகிற பட்டிக்காட்டான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்று இவர் இங்கிலீஷ் ஜென்டில்மேன் ஆகப் புறப்படுகிறார். பாண்டு தெருவில் பத்து பவுண்டுக்கு சூட். பத்தொன்பது ஷில்லிங்கில் உயரத் தொப்பி. நடன வகுப்புக்கு மூன்று பவுண்டு. வயலின் மூன்று பவுண்டு. மேடைப் பேச்சுப் பயிற்சிக்கு ஒரு கினி, அதாவது இருபத்தோரு ஷில்லிங். தினமும் கண்ணாடி முன்னால் டை கட்டவும் தலை வாரவும் பத்து நிமிஷம்.

பிற்பாடு இதே மனிதர் ஒரே அறைக்கு மாறி, காலையில் தானே ஓட்ஸ் கஞ்சி காய்ச்சி, ஒரு நாளை ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் ஓட்டுகிறார். ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ், பவுண்டுக்கு இருபது ஷில்லிங். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த சூட் நூற்றறுபது நாள் ஜீவனம். தொப்பி பதினைந்து நாள். நடனம், வயலின், பேச்சு மூன்றும் சேர்ந்து நூற்றுப் பன்னிரண்டு நாள். ஆக, மூன்று மாத ஜென்டில்மேன் மோகத்தின் விலை ஒன்பது மாதத்துக்கு மேல் சாப்பாடு!

அவரை மீட்டது தத்துவம் இல்லை, கணக்கு நோட்டு. பஸ் காசு, தபால் தலை, பேப்பர் வாங்கின சில்லறை எல்லாவற்றையும் எழுதி, ராத்திரி படுக்கும் முன் கையிருப்பைச் சரிபார்த்தார். பணம் மிச்சமானது ஒரு லாபம். என் கண்ணுக்குத் தெரிவது இன்னொரு லாபம். நோட்டுப் புத்தகத்திடம் 'நல்லா இருக்கேன்' என்று பொய் சொல்ல முடியாது. நாள் முழுவதும் எல்லோரிடமும் நடித்தவன், ராத்திரி ஐந்து நிமிஷம் உண்மையாக இருந்தான்.

நடிப்பு என்றேன். அதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அங்கே படிக்க வந்த இந்திய இளைஞர்கள் பலர் கல்யாணம் ஆனதை மறைத்தார்கள். இவரும் மறைத்தார். பிரைட்டனில் பழக்கமான ஒரு பாட்டியம்மா நல்ல பெண்ணாகப் பார்த்து அறிமுகப்படுத்த ஆரம்பித்ததும் பயந்துபோய், மனைவி இருக்கிறாள், குழந்தை இருக்கிறது என்று கடிதம் எழுதி ஒப்புக்கொள்கிறார். அந்தம்மா சிரித்துவிட்டு, வழக்கம்போல் சாப்பிட வா என்கிறார். எத்தனை நிம்மதி பாருங்கள்.

இதுவரை பாராட்டு. இனி குறை.

முதல் குறை, கஸ்தூர்பா. பதினெட்டு பத்தொன்பது வயதில் கைக்குழந்தையோடு ராஜ்கோட்டில் விடப்பட்ட அந்தப் பெண் இந்த லண்டன் அத்தியாயங்களில் அநேகமாக இல்லை. கிளம்பும்போது 'மனைவியின் நகைகளை விற்கலாமா' என்று ஒரு யோசனை வருகிறது, அவ்வளவுதான். மூன்று வருஷம் அவர் எப்படி இருந்தார்? நமக்குத் தெரியவில்லை. இங்கிருந்து பணம் அனுப்பிக்கொண்டிருந்த அண்ணனின் கதையும் ஓரிரு வரிதான். ஒருவன் வெளிநாட்டில் படித்தால் வீட்டில் இரண்டு மூன்று பேர் கூடவே வயிற்றைக் கட்டுகிறார்கள். பர்தின் எட்டணாவுக்கும் கணக்கு வைத்த புத்தகத்தில் அந்தப் பக்கம் எழுதப்படவே இல்லை. டெபிட் உண்டு, கிரெடிட் இல்லை. எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார்.

இரண்டாவது குறை, எழுதினவரின் வயது. ஐம்பத்தைந்து வயதைத் தாண்டின மனிதர், பத்தொன்பது வயதுப் பசியைத் திரும்பிப் பார்த்து எழுதுகிறார். அதனால் ஒவ்வொரு பசியும் ஒரு பாடத்தில் போய் முடிந்துவிடுகிறது. அழுத ராத்திரிகளுக்கு ஒரு பாராதான். சைவ உணவுக் கொள்கைக்கோ பக்கம் பக்கமாக. இன்று அறையில் தனியாக அழுகிற பிள்ளைக்கு, அந்த ஒரு பாராதான் தேவை. அதைக் கொஞ்சம் நீட்டியிருக்கலாம்.

மூன்றாவது இடம் குறையா நிறையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. 1891 ஜூனில் பாரிஸ்டராகிக் கப்பலேறி, அம்மாவிடம் சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று சொல்லும் ஆசையோடு வருகிறார். அம்மா இல்லை. அவர் லண்டனில் இருந்தபோதே இறந்துபோய்விட்டார். படிக்கிறவனைக் கலங்கடிக்கக் கூடாது என்று அண்ணன் மறைத்துவிட்டார். இதைக் காந்தி சில வரிகளில் சொல்லிவிட்டு மேலே போகிறார். அண்ணனைக் குறை சொல்லவும் இல்லை. நம் வீடுகளில் இன்றைக்கும் இதுதானே நடக்கிறது? தாத்தா போனதைப் பரீட்சை முடிந்து சொல்வார்கள். உப்பு கரைந்ததைப் படிப்பு முடிந்து சொல்வார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் 'வீட்டில் எனக்கு உண்மை சொல்ல மாட்டார்கள்' என்று தெரிந்துகொண்ட பிள்ளை, தானும் சொல்லாமல் இருக்கப் பழகிவிடுகிறது.

பழகினால் என்ன ஆகும்? நமக்கு ரொம்பப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. கும்பகோணத்து ராமானுஜன். 1914 மார்ச்சில் சென்னையில் கப்பலேறி கேம்பிரிட்ஜ் போனார். அவரும் சைவம். வந்து நாலு மாதத்தில் உலகப் போர். ஊரிலிருந்து சாமான் வருவது கஷ்டம். அறையில் தானே சமைத்து, கணக்கு மும்முரத்தில் வேளை தவறிச் சாப்பிட்டார். பி.சி. மகலனோபிஸ் அங்கே அவருடைய நண்பர். குளிருகிறது என்று ஓவர்கோட்டோடு தூங்கிக்கொண்டிருந்த ராமானுஜனுக்கு, கம்பளிகளை விலக்கி உள்ளே படுக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தது தான்தான் என்று அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். உலகமே வியந்த மூளை. கம்பளிக்குள் எப்படிப் படுப்பது என்று யாரையும் கேட்கவில்லை! இதுவும் அந்த நாலாவது ரொட்டித் துண்டுதான்.

மனைவி ஜானகியின் கடிதங்கள் வீட்டுச் சண்டையில் அவருக்குப் போய்ச் சேரவில்லை என்று வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1917-ல் நோயில் விழுந்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகச் சுற்றினார். 1918-ல் லண்டனில் உயிரை விட முயன்று காப்பாற்றப்பட்டார். அதே 1918-ல்தான் ராயல் சொசைட்டி ஃபெல்லோ ஆனார். நாம் இரண்டாவதை மட்டும் மேடையில் சொல்கிறோம். அவர் உயிரைக் குடித்தது தனிமைதான் என்று சொன்னால் அது அநியாயம். அன்று காச நோய் என்றார்கள். பிற்காலத்தில் கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் எழுதினார்கள். ஆனால் 1920-ல் முப்பத்திரண்டு வயதில் போவதற்கு முன் அவர் பட்ட பாட்டில் சாப்பாட்டுக்கும் தனிமைக்கும் பெரிய பங்கு உண்டு.

அவரைப் பற்றி இரண்டு சினிமா வந்தது. 2014-ல் ஞான ராஜசேகரன் இயக்கிய 'ராமானுஜன்', 2015-ல் தேவ் பட்டேல் நடித்த இங்கிலீஷ் படம். இரண்டும் அக்கறையாக எடுத்தவைதான். ஆனால் சினிமாவின் அவஸ்தை, பட்டினியை ஒரு காட்சியில் முடித்தாக வேண்டும். நிஜத்தில் அது தினம் மூன்று வேளை. திரையில் மேதையின் துன்பம் அழகாக இருக்கிறது. நம் பிள்ளைக்கு வந்தால் அழகாக இருக்காது.

காந்திக்கு நடந்து ராமானுஜனுக்கு நடக்காதது என்ன? காந்தி தினமும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து தேடி, ஒரு நாள் ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ ஓட்டலைக் கண்டுபிடித்தார். வாசலில் ஒரு ஷில்லிங் கொடுத்து சைவ உணவு பற்றிய புத்தகம் ஒன்று வாங்கினார். எழுதியவர் பெயர் ஹென்றி சால்ட். ஆமாம், உப்பு! உள்ளே போய், இங்கிலாந்து வந்த பிறகு முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டார். சோறு மட்டும் கிடைக்கவில்லை. அந்த வழியே சைவ உணவுச் சங்கம் கிடைத்தது, சிநேகிதர்கள் கிடைத்தார்கள், அறையைப் பகிர்ந்துகொள்ள ஆள் கிடைத்தது. கூட உட்கார்ந்து சாப்பிட ஒரு மேஜை கிடைத்துவிட்டால் பாதி ஸ்ட்ரெஸ் போச்சு. ராமானுஜன் கடைசிவரை பெரும்பாலும் தன் அறை அடுப்போடு இருந்தார்.

காந்திக்கே இது தெரிந்திருந்தது போலிருக்கிறது. ஊர் திரும்பி இரண்டு மூன்று வருஷத்தில், லண்டனுக்குப் படிக்கப் போகும் இந்திய மாணவர்களுக்காக ஒரு வழிகாட்டியே எழுதினார். என்ன துணி எடுத்துப்போவது, என்ன சாப்பிடுவது, வாரம் ஒரு பவுண்டில் எப்படிச் சமாளிப்பது என்று எல்லாம் கணக்கோடு. அது அப்போது அச்சேறவில்லை. பின்னாளில் அவருடைய தொகுப்பு நூல்களின் முதல் தொகுதியில் சேர்ந்தது. சத்திய சோதனை பெரிய மனிதர் எழுதினது என்றால், இது சீனியர் மாணவன் ஜூனியருக்கு எழுதினது. யாராவது தமிழில் தனிப் புத்தகமாகப் போட்டால் முதல் பிரதி எனக்கு.

அதே லண்டனில், மாணவனாக இருந்தபோதே 1891-ல் 'வெஜிடேரியன்' என்ற பத்திரிகையில் கட்டுரைகள் எழுதினார். அதில் இந்திய ஏழையின் சாப்பாடு பழைய ரொட்டியும் உப்பும்தான், அந்த உப்புக்கும் பெரிய வரி என்று சொல்லியிருக்கிறார். உப்பில்லாத காய்கறியில் நாக்குச் செத்த பையன் எழுதினது. முப்பத்தொன்பது வருஷம் கழித்து, 1930-ல், தண்டியில் அவரும் வேதாரண்யத்தில் ராஜாஜியும் உப்பு எடுத்த கதை உங்களுக்குத் தெரியும்.

எல்லாப் பசியும் தண்டிக்குப் போகாது. போக வேண்டிய அவசியமும் இல்லை. நம் பிள்ளை படித்து முடித்து நல்லபடியாக வந்தால் போதும். அதற்குப் பெட்டியில் இந்தப் புத்தகத்தோடு ஒரு கணக்கு நோட்டும் வையுங்கள். அடுத்த தடவை போனில் 'சாப்பிட்டியா?' என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. 'என்ன சாப்பிட்ட, யாரோட சாப்பிட்ட, எவ்வளவு ஆச்சு?' என்று கேளுங்கள்.

கேட்பதற்கு முன்னால், இந்தப் பக்கத்து உண்மையில் ஒன்றையாவது நீங்கள் முதலில் சொல்லிவிடுங்கள். மழை பெய்தது, உப்பு கரைந்தது என்று.